பன்னிரண்டு ஓட்டைகள்

ஏழு மாதத்துக்கு முன்பு பேச்சிராஜ் மேசைக்கு அடியிலிருந்து மரத்தில் தடம் வெட்டும் ரூட்டரைக் கழற்றினான். கோணிப்பையில் சுற்றினான். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு குன்றத்தூருக்குப் போனான். சமையலறை அலமாரி செய்யும் கம்பெனி. மாதச் சம்பளம். ஆர்டருக்காக வாசலைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை என்றான். ஞாயிறுதோறும் வருவதாகவும் சொன்னான்.

மூன்று ஞாயிறு வந்தான்.

மேசையைக் கொண்டுபோகவில்லை. அது சிமென்ட் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது.

பிள்ளைப்பாக்கத்தில் அந்தத் தகர ஷெட்டும் மேசையும் அவன் மனைவி செல்வலட்சுமியிடம் மிஞ்சின. ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் அவளும் மகள் கனிஷ்காவும் இருந்தார்கள். கனிஷ்காவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பல நாட்கள் ஒருத்தி படுக்கும்போதுதான் மற்றவள் எழுந்தாள்.

போன வாரம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருக்கும் தமிழ்வாணன். அலுமினியக் குழாய்களைப் படுக்கவைக்க மர டிரே வேண்டும். ஒரு டிரேயில் ஆறு தடம். குழாயோடு குழாய் உரசக் கூடாது. மூன்று மாதிரி செய்து வையுங்கள், புதன்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்றார்.

மாதிரி தேறினால் மாதாமாதம் வேலை. தேறாவிட்டால் ஷெட் போகும். ஷெட்டின் சொந்தக்காரர் பாண்டுரங்கன் மறைக்காமல் சொல்லியிருந்தார். சத்தம் வராத ஷெட் அவருக்கு வேண்டாம். குறுக்கே சுவர் எழுப்பி ஹாஸ்டல் அறைகளாக்க மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டது.

இன்று புதன்.

காலை ஏழு மணிக்குச் செல்வலட்சுமி அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். நேற்று பாரிமுனைக்குப் போய் வாங்கிவந்த புது ரூட்டர். கைக்கு அடங்காத மோட்டார், இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. மோட்டாரின் நுனியில் பிட்டை மாட்டினால் அது சுழன்று மரத்தில் தடம் வெட்டும். கையில் பிடித்தும் ஓட்டலாம். மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் பிட் மட்டும் மேலே எட்டிப்பார்க்கும். பலகையைத் தள்ளினால் போதும்.

பத்து வருடம் அவள் பலகை தள்ளியிருக்கிறாள். மேசைக்கு அடியில் குனிந்ததில்லை. சுவிட்ச், பிட், ஸ்குரு எல்லாம் பேச்சிராஜ்.

"இன்னாம்மா, காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?" கனிஷ்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். இன்று அவளுக்கு வார விடுமுறை.

"இன்னாவாம் இன்னா. ஏட்டி, பல்லை வெளக்கிட்டு வா. இந்தத் தகட்டைத் தூக்கணும்."

மேசையின் நடுவில் ஒரு சதுரக் குழி. அதில் சுவிட்ச்போர்டுக்குப் போடுவது போன்ற ஒரு கெட்டி ஹைலம் தகடு உட்கார்ந்திருந்தது. விரல் தடிமன். மேல்பக்கம் கறுப்புப் பெயின்ட். நடுவில் பிட் எட்டிப்பார்க்க ஒரு பெரிய துளை. அதைச் சுற்றி, ரூட்டரைப் பிடித்துத் தொங்கவிடும் ஸ்குருக்களுக்கு மூன்று ஓட்டைகள்.

இருவரும் தகட்டை நெம்பி எடுத்தார்கள். புது ரூட்டரை அதன்மேல் உட்காரவைத்துப் பார்த்தாள். ரூட்டரின் அடியிலும் மூன்று ஓட்டைதான். ஒன்று சேர்ந்தால் மற்ற இரண்டும் விலகின. திருப்பிப் பார்த்தாள். அப்போதும் விலகின.

"அது பழைய மெஷினுக்குப் போட்ட ஓட்டைம்மா. வேற கம்பெனி மெஷின் எப்படி சேரும்?"

"புதுசா போட வேண்டியதுதான்."

"யாரு?"

"நாந்தான்."

கனிஷ்கா தகட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு ஒரு போன் போடு. ரெண்டு நிமிஷம். வீடியோல காட்டினா..."

"வேண்டாம்."

"நான் போடறேன். நீ பேசவே வேணாம்."

"வேண்டாம்னு சொல்லுதேம்லா."

பிளாஸ்டிக் தட்டு மெல்லியது. ஹைலம் தகடு தடிமன். ரூட்டரோடு வந்த ஸ்குரு எட்டவில்லை. அதில் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு செல்வலட்சுமி ஒரகடம் சாலைக்கு நடந்தாள்.

ஹார்டுவேர் கடையில் லூர்தம்மாள் ஸ்குருவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதே மரைதான். அஞ்சு எம்எம் நீளம் ஜாஸ்தி வோணும். தலை சப்பையா இருக்கணும், ஓட்டைக்குள்ள முழுங்கிக்கிற மாதிரி. இல்லாட்டி பலகை தட்டும்."

"ஆமாக்கா."

"பேச்சிராஜ் வர்லியா? அவர்னா உள்ள பூந்து அவரே தேடி எடுத்துக்குவாரு. என்னைக் குந்தவச்சு டீ குடிக்க வுடுவாரு."

"வேலையா இருக்காக."

"ஏழு மாசமாவா?"

லூர்தம்மாள் ஸ்குருக்களைத் தாளில் மடித்தாள்.

"மூணு கேட்ட. நாலு வச்சிருக்கேன். ஒண்ணு கீழ வுழுந்து மரத்தூள்ல காணாம பூடும். எனக்குத் தெரியும்."

திரும்பி வந்ததும் வேலையை ஆரம்பித்தாள். ரூட்டரிலிருந்து பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினாள். அதையே அச்சாக வைத்துக் குறித்தால் ஓட்டை தப்பாது. பேச்சிராஜ் அப்படித்தான் செய்தான் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது.

தகட்டின் மேல்பக்கத்தில் கீறல் விழக் கூடாது. பலகை ஓடும் பக்கம் அது. அதனால் தகட்டைக் கவிழ்த்துப் போட்டாள். அடிப்பக்கம் முழுக்க மரத்தூளும் பிசினும் அப்பிக் கிடந்தன. அதன்மேல் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிய வாக்கிலேயே வைத்தாள். நடுத்துளையை நடுத்துளைக்கு நேராகக் கண்ணளவில் பிடித்தாள். மூன்று ஓட்டை வழியாகவும் ஆணியால் ஒரு தட்டு. மூன்று புள்ளி.

ட்ரில்லை எடுத்தாள். ஹைலம் சூடேறி மூக்கைப் பிடிக்கும் வாடை வந்தது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். மேல்பக்கம் ஸ்குருவின் தலை மறைய ஓட்டையின் வாயை அகலப்படுத்தினாள். பதினோரு மணி.

ரூட்டரை வைத்தாள். முதல் ஸ்குரு இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை.

முதலாவதைக் கழற்றி இரண்டாவதைப் போட்டாள். அது இறங்கியது. மூன்றாவது இறங்கவில்லை. மூன்று ஓட்டையும் ஒரே இடைவெளியில் இல்லை. கிட்டே இருக்க வேண்டியது தள்ளி இருந்தது. தள்ளி இருக்க வேண்டியது கிட்டே இருந்தது.

தகட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அப்போது புரிந்தது.

தகட்டைக் கவிழ்த்தவள் பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்க்கவில்லை.

கனிஷ்கா இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். "இடது கால் செருப்பை வலது கால்ல மாட்டினா மாதிரி ஆயிடுச்சே."

"வாயை மூடிட்டு இரி."

"இப்பவாவது..."

"ஏளா, சொல்லிட்டேன்."

கனிஷ்கா தகட்டைப் பெஞ்சில் வைத்தாள். போனில் ஒரு படம் எடுத்தாள். வாசலுக்குப் போனாள்.

வாசலில் பாண்டுரங்கன் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"இன்னாமா செல்வலட்சுமி, ட்ரில்லு சத்தம் கேட்டுச்சு. மேஜைக்குக் காது குத்தறியா?"

"ஆமாண்ணே. மொய் எழுதிட்டுப் போங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். எந்த இடத்தில் கதவு வைக்கலாம் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"மேஸ்திரி நாளைக்கு டேப்போட வரேன்றான். வரச் சொல்லட்டா, வோணாவா?"

"நாலு மணிக்கு மேல கேளுங்க."

"கேக்கறேன். எனக்கு ஒண்ணும் உம்மேல கோவம் கெடையாது. ஷெட்டு சும்மா கீதேன்னுதான்."

அவர் போனார். செல்வலட்சுமி தரையில் உட்கார்ந்தாள். தகட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு தகடு இல்லை. அந்த அளவில் ஹைலம் வெட்டிவாங்க ஒரு நாள் ஆகும். இதிலேயே இன்னொரு மூன்று ஓட்டை போடலாம். தட்டைச் சற்றுத் திருப்பி வைத்தால் இடம் இருக்கும். இந்த முறை பார்த்துக் குறிக்க வேண்டும்.

டேப் ஒட்டிக் குறிக்கலாம் என்றால் பிசினில் டேப் நிற்கவில்லை. பழைய துணியில் தின்னரை நனைத்து அடிப்பக்கத்தைத் துடைத்தாள். கறுப்பாக வந்தது. மறுபடி துடைத்தாள். ஹைலத்தின் பழுப்பு நிறம் தெரிந்தது.

பழுப்பில் மூன்று சாம்பல் நிற வட்டங்கள்.

விரலால் தடவினாள். எம்-சீல், ஓட்டை அடைக்கும் பசை. பழைய ரூட்டரின் மூன்று ஓட்டைகளுக்குப் பக்கத்தில், அதே இடைவெளிகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி. யாரோ ஒரு காலத்தில் தகட்டைக் கவிழ்த்துவிட்டுத் தட்டைக் கவிழ்க்காமல் குறித்திருக்கிறார்கள். ஓட்டையை அடைத்து, தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

யாரோ இல்லை. இந்தத் தகட்டில் ட்ரில் வைத்தவன் ஒருவன்தான்.

ஷெட்டுக்கு யார் வந்தாலும் அவன் தகட்டைத் தட்டிக் காட்டுவான். ஒரே தடவையில் போட்டது, என் மார்க்கிங் தப்பாது என்பான். அவள் பின்னால் நின்று பத்து வருடம் அதைக் கேட்டிருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். தகர ஷெட்டில் அது எதிரொலித்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

காட்டவேண்டிய ஆள் குன்றத்தூரில் இருந்தான்.

இந்த முறை பிளாஸ்டிக் தட்டையும் கவிழ்த்தாள். குறிப்பதற்கு முன் ரூட்டரைப் பக்கத்தில் வைத்து சுவிட்ச் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தாள். முன்பெல்லாம் அவள் மேலே பலகையோடு நிற்பாள். பேச்சிராஜ் மறுபக்கம் குனிந்து சுவிட்சைப் போடுவான். இப்போது சுவிட்ச் அவள் நிற்கும் பக்கம் வர வேண்டும். தட்டைக் கால்வட்டம் திருப்பினாள். குறித்தாள். ஒவ்வொரு புள்ளியையும் ரூட்டரில் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு ட்ரில்.

மூன்று ஸ்குருவும் இறங்கின. நான்காவது கீழே விழுந்து மரத்தூளில் காணாமல்போனது.

தகட்டில் இப்போது பன்னிரண்டு ஓட்டைகள். அவன் சரியாகப் போட்டது மூன்று. தப்பாகப் போட்டு மறைத்தது மூன்று. அவளுடைய தப்பு மூன்று, அவளுடைய சரி மூன்று.

ரூட்டரைக் குழிக்குள் இறக்கினாள். கைப்பிடிகள் சட்டத்தில் முட்டின. இரண்டையும் திருகிக் கழற்றினாள். இறங்கியது. உருண்டை மூக்குள்ள பிட்டை மாட்டினாள். பிட்டின் காம்பை முழுக்க உள்ளே தள்ளி, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, பிறகு முடுக்க வேண்டும். அதை மட்டும் அவன் செய்யும்போது பார்த்திருக்கிறாள்.

"கனிஷ்கா, வா. பலகையைப் பிடி."

ஐந்தடிப் பைன் பலகை. தடம் போட்ட பிறகு மூன்றாக அறுத்தால் மூன்று டிரே. செல்வலட்சுமி வலதுபக்கம் நின்றாள். கனிஷ்கா இடதுபக்கம். சுவிட்ச் கைக்கு எட்டியது. ஷெட் அதிர்ந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்.

பலகையை, அது விலகாமல் தடுக்கும் ஃபென்ஸ் கட்டையோடு ஒட்டித் தள்ளினாள். மறுபக்கம் கனிஷ்கா வாங்கினாள். ஒரு தடம். கட்டையை நகர்த்தி இன்னொன்று. ஆறு. இருவரும் கையசைத்தே நிறுத்தினார்கள், தொடங்கினார்கள். பேசினாலும் கேட்டிருக்காது.

தமிழ்வாணன் நாலேகாலுக்கு வந்தார். பையிலிருந்து ஆறு குழாய்களை எடுத்துத் தடங்களில் படுக்கவைத்தார். டிரேயைச் சாய்த்தார். குலுக்கினார். மூன்று டிரேயிலும் அதையே செய்தார்.

"ஆடலை," என்றார். "சார் எங்க?"

"இங்க இல்லை."

"மெஷின் யாரு ஃபிட் பண்ணது?"

"நாந்தான் சார்."

அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். "அடுத்த புதன் நாப்பது வேணும். தனி ஆளா முடியுமா?"

"ரெண்டு பேர் இருக்கோம். எம்பொண்ணு இருக்கா."

"கேட் பாஸ் எந்தப் பேர்ல போடச் சொல்ல?"

"செல்வலட்சுமின்னு போடுங்க."

அவர் எழுதிக்கொண்டார். டிரேக்களைப் பைக்கின் பின்னால் கட்டினார். பைக் திரும்பியது.

பாண்டுரங்கன் தெருவில் நின்றபடியே கையைத் தூக்கிக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

உள்ளே வந்தாள். கனிஷ்கா தோளில் பையோடு நின்றாள். கம்பெனிக்குக் கொண்டுபோகும் பை இல்லை. பெரிய பை.

"நான் இருக்கேன்னு நீ அவர்கிட்ட சொல்லியிருக்க வேணாம்மா."

"எங்க கெளம்பிட்ட?"

"குன்றத்தூர். அப்பாகிட்ட. அங்கயும் எங்க கம்பெனி பஸ் நிக்குது."

"எத்தன நாளைக்கு?"

"தெரியலை."

செல்வலட்சுமி கையிலிருந்த மரத்தூளைத் தட்டினாள்.

"காலைல ஓட்டை தப்பா பூடுச்சே, அப்போ அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே கூப்ட்டார்," என்றாள் கனிஷ்கா.

"என்ன சொன்னாக?"

"‘என்னைக் கூப்பிடச் சொல்லி அம்மா சொன்னாளா’ன்னு கேட்டார். இல்லைன்னேன்."

"அதுக்கு?"

"‘சரி, நீயாவது வா’ன்னார்." கனிஷ்கா பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரே வந்திருப்பார்மா. பைக் சாவியக் கைல வச்சுக்கினுதான் பேசினார். சத்தம் கேட்டுது."

தெருவில் ஒரு கம்பெனி பஸ் போனது. தகரம் லேசாக அதிர்ந்தது.

"நாலு மணி வரைக்கும் பாத்தேன்," என்றாள் கனிஷ்கா. "நீ தோத்துட்டா இருந்துடலாம்னு."

"நான் தோக்கலியே."

"அதான் போறேன். உனக்கு ஆள் வேணாம். அவருக்கு வேணும்."

செல்வலட்சுமி பின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"மாவு அரச்சு வச்சிருக்கேன். ஒரு டப்பால ஊத்தித் தாரேன்."

"பஸ்ல சிந்தும்மா."

கனிஷ்கா செருப்பை மாட்டினாள். வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாளா அம்மாவைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டாள்.

செல்வலட்சுமி உள்ளே வந்து இன்னொரு பலகையை எடுத்தாள். நாற்பது டிரேக்குப் பதினான்கு பலகை வேண்டும். மேசையில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். பாதி தாண்டியதும் மறுமுனை கனத்துச் சாய்ந்தது. வாங்க ஆளில்லை.

இழுத்துக்கொண்டாள். பின் அறையிலிருந்து ஸ்டூலை எடுத்துவந்து இடதுபக்கம் போட்டாள். மேசையைவிட இரண்டு விரல் உயரம் குறைவு. பிளைவுட் துண்டுகளை அடுக்கினாள். சுற்றிவந்து உயரம் பார்த்தாள். போதவில்லை. இன்னொரு துண்டு. மறுபடி சுற்றிவந்தாள்.

சுவிட்சைப் போட்டாள். தள்ளினாள். பலகை மெதுவாக ஸ்டூலின் மேல் ஏறியது.

பாதியில் ஜன்னல் திட்டில் இருந்த போன் ஒளிர்ந்தது. மெஷின் சத்தத்தில் மணி கேட்கவில்லை. திரையில் எழுத்து தெரிந்தது. கனிஷ்கா அப்பா.

ஏழு மாதத்தில் அந்தப் பெயர் அவள் போனில் வந்ததில்லை.

கை பலகையின் மேல் இருந்தது. பாதியில் நிறுத்தினால் பிட் ஒரே இடத்தில் சுழலும். மரம் கருகும். பலகை வீண்.

தள்ளினாள். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டடி. வேகமாகத் தள்ளினாலும் நார் பிய்யும். ஒரே வேகத்தில் தள்ளினாள். ஓரடி. ஒரு சாண். பலகை பிட்டைத் தாண்டி ஸ்டூலில் போய் நின்றது.

குனிந்து சுவிட்சை அணைத்தாள். பிட் ஓய்ந்து நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது திரை இருண்டிருந்தது.

பலகையைப் புரட்டினாள். தடத்தின் முழு நீளத்தையும் விரலால் தடவினாள். எங்கும் கருகவில்லை.

போனை எடுத்தாள். அந்தப் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தவில்லை. திரை மேலே தெரியும்படி அதை மேசையில், கண்ணுக்கு நேராக வைத்தாள்.

ஃபென்ஸ் கட்டையை நகர்த்தினாள். இரண்டாவது தடத்துக்குச் சுவிட்சைப் போட்டாள்.